ஆங்கில மரபுத்தொடரும் நம்மூர்த் தமிழ் வழக்கும்

ஒரு மொழியின் சொற்களை அகராதியிற் காணலாம். அம் மொழி பேசும் மக்களின் வாழ்வை அதன் வழக்கிலேதான் காணலாம். சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டிப் பார்த்தாற் கிட்டாத ஒரு பொருளைப் பல சொற்கள் ஒருங்கு சேர்ந்து தருமாயின் அதனை மரபுத்தொடர் என்கின்றோம். 'அவன் கம்பி நீட்டிவிட்டான்' என்கின்றோம். அங்கே கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை, ஓட்டம் ஒன்றே உண்டு. 'அவர் ஆலாய்ப் பறக்கிறார்' என்கின்றோம். சிறகு முளைத்தவர் எவருமில்லை, பேராசை பிடித்தவர் ஒருவரே உளர். இத்தகைய தொடர்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலத்திலோ மிகப் பல.

தமிழாசிரியன் ஒருவனுக்கு ஆங்கில மரபுத்தொடரில் என்ன அலுவல் என்று இம் மலரைப் படிக்கும் அன்பர் சிலர் கேட்கக் கூடும். அலுவல் உண்டு. ஆங்கில மரபுத்தொடர்கள் இப்பொழுது ஆங்கில வகுப்பறையில் மாத்திரம் வாழவில்லை. அவை வேடம் மாறி, தமிழ் எழுத்துடுத்து, எம் மாணாக்கரின் தமிழ்க் கட்டுரைத் தாள்களிலே குடிபுகுந்துவிட்டன. பத்திரிகைச் செய்தியிலும் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பிலும் அவை நாள்தோறும் நடமாடுகின்றன. 'நாளின் முடிவில் பார்த்தால்' என்று ஒரு மாணவன் எழுதுகிறான். அவன் சொல்லக் கருதியது 'ஈற்றிலே' என்பது. 'அவருக்குச் சூடான வரவேற்பு அளிக்கப்பட்டது' என்று மற்றொருவன் எழுதுகிறான். வந்தவரை அடித்து விரட்டினார்களோ என்று படிப்பவன் ஐயுறுகிறான். எனவே தமிழாசிரியனும் இதனைப் பற்றிப் பேசியே தீர வேண்டியவனாகின்றான்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆங்கில மரபுத்தொடர்களை நம் மாணாக்கர் நன்றாகக் கற்க வேண்டும். கற்றவற்றைத் தமிழில் எழுத்தெண்ணிப் பெயர்த்தல் ஆகாது. இவ்விரண்டையும் செய்யத் தக்க வன்மை, தம் ஊர்த் தமிழ் மரபை முதலில் அறிந்தவர்க்கே உண்டாகும்.

மரபு என்னும் சொல் நம் இலக்கண நூலார்க்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கே மரபியல் என்பது பெயர். எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு சான்றோர் வழங்கினரோ, அவ்வாறே வழங்குதல் மரபு என்பது நன்னூலார் கொள்கை. மொழிபெயர்ப்பைப் பற்றிய பேச்சும் தொல்காப்பியத்தில் அம் மரபியலிலேதான் வருகின்றது. வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பும் ஒன்றென அங்கே எண்ணப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பும் மரபும் ஓரியலில் அமைந்தமை எனக்குப் பொருத்தமாகவே படுகின்றது. மரபறியாதவன் மொழிபெயர்க்கப் புகுந்தால் இரு மொழிக்கும் கேடு செய்வான்.

மரபுத்தொடர் ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் நிலத்திலும் காலநிலையிலும் தொழிலிலும் வேர்விட்டு வளர்ந்த பயிர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே வெம்மை இன்பந் தருவது. குளிர் துன்பந் தருவது. ஆகவே ஆங்கிலேயர் அன்பான வரவேற்பை 'வாம் வெல்கம்' என்பர். ஒருவரைப் பாராமுகமாய் ஒதுக்குதலைக் 'கோல்ட் ஷோல்டர்' கொடுத்தல் என்பர். நம் குடாநாட்டின் நிலை இதற்கு நேர்மாறு. சித்திரை வெயிலிற் சிவக்கும் செம்மண்ணும், வெப்பத்திற் கொதிக்கும் சுண்ணாம்புக் கல்லும் நம்முடையவை. இங்கே தண்மையே இன்பம். கண் குளிரக் கண்டோம், செவி குளிரக் கேட்டோம், மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்று மகிழ்ச்சிக்கெல்லாம் குளிர்ச்சியையே சொல்லுகின்றோம். துன்பத்துக்கும் பொறாமைக்கும் வயிற்றெரிச்சல், மனக்கொதிப்பு, நெஞ்சு வேகுதல் என்று நெருப்பைச் சொல்லுகின்றோம். இவ்வாறிருக்க, 'சூடான வரவேற்பு' என்று எழுதுபவன் இங்கிலாந்தின் மார்கழிப் பனியைக் கொண்டுவந்து நம் சித்திரை முற்றத்திற் கொட்டுகின்றான். 'குளிர்ந்த தோள் காட்டினான்' என்று அவன் எழுதினால், நம்மூர்க் கிழவி அதனை ஓர் உபசாரமென்றே கருதுவாள். அவளிடத்தில் அதற்கு நேரான தொடர் உண்டு: 'முகங்கொடுத்துக் கதைக்கவில்லை' என்பாள். இதனினும் தெளிவாக அப்பொருளை யார் சொல்லவல்லார்?

வெயில் காயும்போதே வைக்கோலை உலர்த்திக்கொள் என்பது ஆங்கிலர் பழமொழி. வெயில் அருமையாகிய நாட்டில் அது மெய்யான அறிவுரை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டிலே உழவன் எதிர்பார்த்து நின்றது காற்றை. சூடு மிதித்த நெல்லைத் தூற்றுவதற்குக் காற்று வேண்டும். அது நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும். ஆகவே 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றனர் நம் முன்னோர். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்த மக்களுக்கு இஃது இயல்பே. இரு பழமொழிக்கும் கருத்து ஒன்று. கண்ட நிலம் வேறு. மாணாக்கன் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பானாயின், அவன் ஒரு பழமொழியை மாத்திரம் கற்கவில்லை. இரண்டு நாடுகளைக் கற்கின்றான்.

சில துறைகளில் இரு நாட்டாரும் ஒத்த அனுபவமுடையர். ஆங்கிலேயர் தீவினர், கடலோடிகள். ஒரு தொழிலின் நெளிவு சுழிவை அறிதலைக் 'கயிறுகளை அறிதல்' என்பர். பாய்க்கப்பலின் கயிறுகளே அவை. இடரின்றி முடியும் காரியத்தைத் தெளிந்த கடற்பயணம் என்பர். நம் குடாநாடும் கடல் சூழ்ந்ததே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் நம்மவரைத் தாங்கி 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த செய்தியை நம் பெரியோர் பெருமையோடு சொல்லுவர். அத்தகைய மக்களின் மொழியிற் கடல் பேசாதிருக்குமா? பெண்பிள்ளைகளுக்கு மணஞ்செய்து வைத்தலைக் கரை சேர்த்தல் என்கின்றோம். தொடங்கிய காரியம் நடுவில் முடங்கினால் தரை தட்டிவிட்டது என்கின்றோம். அலை ஓய்ந்தபின் தலைமுழுகக் காத்திருப்பவனை எள்ளி நகையாடுகின்றோம். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று காலச் சுழற்சியைக் கூறுகின்றோம். கடலைப் பற்றிய ஆங்கிலத் தொடர்களை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், இவற்றிலிருந்து தொடங்குவாராயின் பாதி வேலை முடிந்தது.

இனி, பிறமொழித் தொடரை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் எக்காலும் ஆகாதோ என்ற வினா எழும். மொழி வளர்வது கொடுத்தும் கொண்டுமே என்றும், 'முதலைக் கண்ணீர்' இன்று தமிழாகிவிடவில்லையா என்றும் இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. பொருள் நம்மிடத்தே உள்ளதாயின் தொடரும் நம்மிடத்தே தங்கும் என்பது என் விடை. முதலையை நாம் அறிவோம். அதன் கொடுமையையும் அறிவோம். எனவே அத்தொடர் வேரூன்றிற்று. எனினும் பழையனூர்க் கதையிற் பிறந்த 'நீலிக் கண்ணீர்' நம் சொந்தச் சொத்தாய் இருக்க, அதனை மறந்துவிடுதல் தகாது. 'சிவப்பு நாடா' என்பதும் அவ்வாறே. அரசாங்க ஏடுகளை நிறநாடாவாற் கட்டும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து நம் கச்சேரிக்கும் வந்தது. கட்டிய நாடாவின் பின்னே கட்டுண்ட காரியங்களும் வந்தன. பொருளே வந்துவிட்டபின் தொடரை வேண்டாமென்று யார் தடுப்பார்? துடுப்பாட்டத் தொடர்களையும் இவ்வகையிற் சேர்க்கலாம். 1904 முதல் 'வடக்கின் பெரும் போர்' நடந்துவரும் ஊரில், நேர்மையற்ற செயலைத் 'துடுப்பாட்ட முறையன்று' என்று ஆங்கிலேயன் சொல்லும்பொழுது அவன் கருத்து நம் மாணவனுக்கு விளக்கமின்றியே விளங்கும்.

ஆனால் 'வெள்ளை யானை' என்பதைப் பாருங்கள். பயனின்றிப் பெருஞ் செலவு வைக்கும் பொருளை ஆங்கிலத்தில் இவ்வாறு கூறுவர். சீயத்து அரசர் தமக்கு வேண்டாதவருக்கு வெள்ளையானையைப் பரிசளிப்பர் என்றும், பெற்றவர் அதனை வேலை வாங்கவும் மாட்டாது விடவும் மாட்டாது தீனி போட்டே அழிவர் என்றும் ஒரு கதை அதற்குக் கூறப்படும். இன்று நட்டத்தில் ஓடும் தொழிற்சாலையையும் ஆளில்லாத மண்டபத்தையும் நம் பத்திரிகைகள் வெள்ளை யானை என்றே எழுதுகின்றன. சைவ மக்களின் நினைவில் வெள்ளை யானை எது? இந்திரனின் ஐராவதம். திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரமூர்த்தி நாயனார் திருக்கயிலைக்கு ஏறிச்சென்றதும் வெள்ளை யானையின் மீதே. சுந்தரர் குருபூசையன்று கோயிலிலே வெள்ளை யானையைப் போற்றக் கேட்ட சிறுவன், மறுநாட் காலைப் பத்திரிகையில் அதே வெள்ளை யானை இழிவுபடுத்தப்படக் காண்கின்றான். ஒரு தொடரைக் கடன் வாங்குமுன், அத்தொடரின் சொற்கள் நம் வீட்டிலே முன்னரே என்ன பொருளில் வாழ்கின்றன என்று பார்த்தல் வேண்டும். 'தண்டச் செலவு' என்றாலே போதுமே.

'சுவரில் எழுதப்பட்டிருக்கிறது' என்பதும் இத்தகையதே. வரப்போகும் அழிவு முன்னரே தெரிகின்றது என்பது அதன் கருத்து. பாபிலோன் அரசன் விருந்துண்ட மண்டபச் சுவரிலே கையொன்று தோன்றி எழுதியதாக விவிலியத்தின் தானியேல் நூல் கூறும் செய்தியிலிருந்து பிறந்தது. அக் கதையை அறிந்த ஆங்கிலச் சிறுவனுக்கு உடனே பொருள் விளங்கும். நம் நாட்டில் விதி எழுதப்படும் இடம் சுவரன்று, தலை. சுவரில் எழுதப்பட்டிருக்கிறது என்று நம் ஊரிற் சொன்னால், தேர்தல் வந்துவிட்டது போலும் என்றே கேட்பவர் நினைப்பர்.

பொருளறிந்து பெயர்த்தமைக்கு நல்ல சான்றும் நம்மிடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்குமிடையே மூண்ட பகையை ஆங்கிலத்திற் 'கோல்ட் வோர்' என்றனர். தமிழகத்தார் அதனைப் பனிப்போர் என்று பெயர்த்தனர். இலங்கைத் தமிழில் 'கெடுபிடி யுத்தம்' என்பது வழக்காயிற்று. குளிரையும் பனியையும் கைவிட்டு, படை மோதாமலே ஒருவரையொருவர் நெருக்கி அச்சுறுத்தி நின்ற அந் நிலையை எம்மவர் நோக்கினர். அத் தொடரை முதன்முதற் கேட்கும் மாணவனுக்கும் கருத்தில் ஒரு பகுதியாவது தானே தெரிந்துவிடுகின்றது. இவ்வாறு பெயர்ப்பதே பெயர்ப்பு.

இந்த வன்மை நம் மண்ணிற் புதிதாய் முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இருமொழிப் புலமைக்கு ஒரு பட்டறையாய் விளங்கிற்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியும், யாழ்ப்பாணத்தில் வித்திடப்பட்டு 1862இல் உவின்சிலோ பெயரால் சென்னையில் வெளிவந்த பேரகராதியும் அதற்குச் சான்று. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். பேர்சிவல் பாதிரியார் நம் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில விளக்கத்தோடு 1840களில் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். அதுவே பெருகி 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட நூலாயிற்று. அப் பாதிரியார் விவிலியத்தைத் தமிழ்ப்படுத்த முனைந்தபோது துணைக்கொண்டது ஆறுமுக நாவலரை. சமயத்தால் மாறுபட்ட இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, இது தமிழ் மரபாகுமா ஆகாதா என்று ஆராய்ந்த காலம் அது. பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். இவர்களெல்லாம் ஆங்கிலம் அறியாமையாற் தமிழைப் பேணியவர் அல்லர். ஆங்கிலத்தை ஆழ அறிந்தமையினாலேயே அதனை எங்கே நிறுத்த வேண்டுமென்று அறிந்திருந்தனர்.

இனி ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே எழுதுங்கால் மரபுத்தொடரை ஆளும் முறையைச் சிறிது நோக்குவோம். தேர்வை எண்ணி அச்சிடப்படும் வழிகாட்டி நூல்களில் நூறு தொடரும் அவற்றுக்கு நேரே நூறு பொருளும் இரு நிரலாய் இருக்கும். மாணவன் அவற்றை நெட்டுருப் பண்ணி, இடம் வாய்த்துழியெல்லாம் தூவுவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு தொடருக்குப் பொருள் ஒன்று மாத்திரம் அறிந்தாற் போதாது. அதன் வடிவும், அஃது அமரும் இடமும், அதன் வயதும் அறிதல் வேண்டும்.

வடிவாவது மாறாமை. 'கிக் த பக்கற்' என்பதிலுள்ள வாளியை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்தால் தொடர் செத்துவிடும். தமிழிலும் அப்படியே. 'அவனுக்கு நாமம் போட்டான்' எனலாம். 'அவனுக்குத் திருநீறு பூசினான்' என்றால் ஏமாற்றிய பொருள் வாராது, பத்திப் பொருளே வரும். இடமாவது தகுதி. மேற்சொன்ன வாளித் தொடர் இறத்தலைக் குறிக்கும். ஆனால் நண்பர்கள் நகையாடும் பேச்சுக்கே உரியது. ஆங்கிலத்தில் இரங்கற் கடிதம் எழுதும் மாணவன், நண்பனின் தந்தை வாளியை உதைத்தார் என்று எழுதுவானாயின், 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டாராமே' என்று செத்தவீட்டு முற்றத்தில் நின்று கேட்டதற்கு ஒப்பாகும். நாம் சிவபதமடைந்தார் என்றும், இறைபதமெய்தினார் என்றும் எழுதுகின்றோம் அல்லவா? செத்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கலம் என்றும், ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்குவதைக் குழூஉக்குறி என்றும், சபையிற் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லுதலை இடக்கரடக்கல் என்றும் நம் இலக்கணம் வகுத்துள்ளது. நன்னூலை ஒழுங்காகப் படித்த மாணவனுக்கு ஆங்கில மரபுத்தொடரின் தகுதியை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

வயதாவது, வழக்கிலிருத்தலும் வழக்கொழிதலும். பெருமழையைப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று கூறும் தொடரை நம் பாடசாலைகளில் முதற்பாடமாகக் கற்பிக்கின்றோம். இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவரைக் கேட்டால், அங்கே இளையோர் வாயில் அதனைக் கேட்டல் அரிதென்பர். பேய்மழை, அடைமழை, கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்றெல்லாம் நாம் நாள்தோறும் வழங்குவன போன்ற உயிர்ப்பு அதற்கு இன்றில்லை. அச்சிலிருப்பதனால் ஒரு தொடர் உயிருடன் இருக்கின்றதென்று கொள்ளற்க.

நேர்த் தொடர்களைத் தேடுங்காலும் விழிப்பு வேண்டும். ஒரு கல்லில் இரண்டு பறவை வீழ்த்துதல் அங்கே. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் வீழ்த்துதல் இங்கே. கருத்துச் சரியாகப் பொருந்துகின்றது. நிலக்கரி வளம் மிக்க நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதலும், கொல்லன் தெருவில் ஊசி விற்றலும் அவ்வாறே. பேய்க்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் அகப்பட்டவனை நாம் இருதலைக்கொள்ளி எறும்பு என்போம். ஆனால் பீற்றரிடம் பறித்துப் போலுக்குக் கொடுத்தல் என்னும் தொடருக்குக் கடைத்தேங்காயை வழிப்பிள்ளையாருக்கு உடைத்தல் என்று சிலர் பொருள் எழுதுகின்றனர். அது பொருந்தாது. பிள்ளையாருக்கு உடைப்பவன் பிறர் பொருளில் புண்ணியந் தேடுகிறான். போலுக்குக் கொடுப்பவனோ ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் படுகிறான். நகையை அடகுவைத்துச் சீட்டுக்காசு கட்டி, சீட்டை எடுத்து நகையை மீட்கும் குடும்பத்தலைவிக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். ஒருவனோடு உறவறுத்தலை ஆங்கிலேயர் கைகழுவுதல் என்பர். நாமும் அதனைக் கூறுவோம். ஆனால் முற்றாக அறுத்துவிட்டால் 'தலைமுழுகிவிட்டேன்' என்போம். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் தலைமுழுகும் நாட்டிலே, உறவு செத்தமைக்கும் அதுவே சடங்காயிற்று. கையளவில் நிற்கும் ஆங்கிலத் தொடருக்கு இத்துணை உறைப்பு உண்டோ?

இதுகாறும் கூறியவற்றினும் என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. ஆங்கிலத் தொடர் உள்ளே வருவதனால் மாத்திரம் தமிழ்த் தொடர் வெளியே போகவில்லை. வீட்டைவிட்டுப் பொருள் போகின்றது. அதன் பின்னே சொல்லும் போகின்றது. துலா மிதித்த தலைமுறை மறைந்தது. கிடுகுவேலி மதிலாயிற்று, சங்கடப் படலை அருகிற்று. போரும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்தன. 1995ஆம் ஆண்டில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். பாட்டன் ஓரிடமும் பேரன் ஓரிடமுமாகச் சிதறிய குடும்பத்திலே, திண்ணைப் பேச்சு அறுந்தது. 'பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல' என்றால், பனையிலேறி விழுந்தவனை ஒருபோதும் கண்டிராத பிள்ளை விழிக்கின்றது. 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்றால் காவோலை யாதென்று கேட்கின்றது. 'தவிச்ச முயல் அடித்தல்' என்று சொன்னால், இடருற்றவனிடத்தில் இலாபம் பார்க்கும் கயமையை இதனினும் சுருங்கச் சொல்ல முடியாதென்பதை அஃது அறியாது. 'பேய்க்காட்டுதல்' என்பதை ஏமாற்றுதல் என்று எழுதினால் பொருள் வரும். ஆனால் அதிலுள்ள நையாண்டி போய்விடும்.

கோடை விடுமுறையில் கனடாவிலும் இலண்டனிலுமிருந்து வரும் பழைய மாணவரின் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். பெற்றோர்க்கு அதன்பொருட்டு நம் நன்றி உரியது. ஆனால் பேத்தியார் ஒரு மரபுத்தொடரைச் சொல்லிச் சிரிக்கும்பொழுது அப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. அவர்களை மாத்திரம் சொல்வானேன்? இங்கே கல்லூரி வீதியிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இப்பொழுது சிரிப்பதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது 97,000 வரையிலான நூல்களை இழந்தோமென்று இன்றும் கண்ணீர் வடிக்கின்றோம். அச்சேறாத நூலகங்கள் பல, முதியோர் உருவில் நம் வீடுகளிலே இருக்கின்றன. அவை மறைவதற்குத் தீ வேண்டுவதில்லை. நாம் கேளாதிருந்தாற் போதும்.

குறை கூறி நிறுத்தினால் ஆசிரியன் கடன் தீராது. ஆகவே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவது, நம் கல்லூரியில் ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் மாதமொரு பாடவேளையேனும் ஒரு வகுப்பில் ஒருங்கு நிற்றல் வேண்டும். ஆங்கில ஆசிரியர் ஒரு தொடரைத் தந்து அதன் பிறப்பையும் தகுதியையும் விளக்குக. மாணவர் அதற்கு நேரான தமிழ் வழக்கை வீட்டிற் கேட்டு வருக. தமிழாசிரியர் அவற்றைத் தராசிலிட்டு நிறுத்துக. இதற்குப் பணம் வேண்டியதில்லை. நேர அட்டவணையில் ஒரு கட்டமும், ஆசிரியர் இருவரின் மனவிணக்கமுமே வேண்டும்.

இரண்டாவது, தரம் ஒன்பது மாணவர் ஒவ்வொருவரும் மாதம் ஐந்து மரபுத்தொடரைத் தம் முதியோரிடம் கேட்டெழுதுக. தொடரை மாத்திரமன்றி, யார், எந்த ஊரில், எந்தச் சமயத்தில், யாரை நோக்கிச் சொல்லுவர் என்பதையும் எழுதுக. வடமராட்சியார் சொல்லுவதும் தீவகத்தார் சொல்லுவதும் வேறாயிருப்பின் இரண்டையும் எழுதுக. மூன்றாவது, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் நினைவிலுள்ளவற்றை எழுதி அனுப்புக. கட்டட நிதி அனுப்பும் கைகளுக்கு இஃது எளிய வேலை. ஆனால் கட்டடத்தைப் பிறரும் கட்டித் தரலாம், இதனைப் பிறர் தர இயலாது. திரட்டியவற்றைக் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைத்து, 2005 முதல் நம் நூல்களைப் பேணிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதி வழங்கலாம். பேர்சிவல் பாதிரியார் தனியொருவராய்த் தொடங்கிய பணியை, ஆயிரக்கணக்கான பழைய மாணவரையுடைய ஒரு கல்லூரி செய்ய முடியாதா?

மாணவத் தம்பிமாருக்கும் ஒரு சொல். கைத்தொலைபேசி இன்று நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றது. அதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது தந்த தொடரை உங்கள் அம்மம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் புருவத்தைச் சுருக்கினால் அதனை அடித்துவிடுங்கள். 'ஓம், அப்பிடித்தான் நாங்களும் சொல்லுவம்' என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இதனினும் நல்ல சோதனைக் கருவி எனக்குத் தெரியவில்லை.

முற்றத்து மல்லிகை மணக்காது என்பர். மணக்காமற் போவது மல்லிகையின் குற்றமன்று. நாள்தோறும் அருகில் நின்றும் முகராத மூக்கின் குற்றம். ஆங்கிலத் தோட்டத்துப் பூவின் அழகையும் நாம் அறிவோமாக. அதன் பெயரையும் இயல்பையும் பிழையறக் கற்போமாக. அவ்வறிவோடு நம் முற்றத்துக்கும் நீரூற்றுவோமாக. இவ்விரு பணிக்கும் தக்க பிள்ளைகளை நம் கல்லூரி மேன்மேலும் பயந்து, இன்னும் பல விழாக் கண்டு நீடு வாழ்வதாக.